உருளைக்கிழங்கு எறியிற உத்தியோகம்

உலகத்தில எல்லாரும் சாகாமல் இருக்கிறதுக்குத்தான் வேலைக்குப் போவினம். நான் திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் சாகிறதுக்கெண்டே வேலைக்குப் போன ஆள்.

வெருளாதையுங்கோ. பிராங்பேர்ட்டில, எஸ்-பான் ரெயில் ஸ்ரேசனுக்குப் பின்னால இருந்த ஒரு சின்னக் கம்பனி அது. ரீவியோட கொழுவி விளையாடுற பெட்டி இருக்குத்தானே, கொன்சோல் எண்டு சொல்லுறது, அதுக்கு வந்த கேம் ஒண்டை வாங்கி, கொம்பியூட்டரில ஓடுற மாதிரி மாத்தி, ஜேர்மன் பாஷையில வெளியில விடுறதுதான் அவையின்ரை தொழில். எங்கட கேமில ஒருத்தன் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு எங்கையோ ஒரு கிரகத்தில இறங்கி, ஆறடி உயர நண்டு மாதிரிப் பிராணியளைச் சுட்டுத் தள்ளுவான். அதைக் காலமை எட்டு மணி தொடக்கம் பின்னேரம் வரைக்கும் விளையாடி, எங்க எங்க பிழை இருக்கெண்டு எழுதிக் குடுக்கிறது என்ரை வேலை.

அதுக்கு முந்தி நான் அதே கட்டிடத்தில, கீழ களஞ்சியத்தில பெட்டி அடுக்கினனான். ஒருநாள் மேல் மாடிப் பொறுப்பாளர் அம்மா, ஃபிறவ் கெஸ்லர், இறங்கி வந்து, "வாழ்க்கையில ஒருநாளும் கேம் விளையாடாத ஆள் ஆராவது இருக்கிறியளோ?" எண்டு கேட்டா. நான் கையை உயத்தினன். முப்பத்திநாலு வயசில, ஒண்டும் தெரியாது எண்ட தகுதிக்காகப் பதவி உயர்வு எடுத்த தமிழன் நான் ஒருத்தனாத்தான் இருப்பன்.

இன்னொண்டையும் இப்பவே சொல்லிப்போடுறன், இல்லாட்டி மற்றதுகள் விளங்காது. அந்த நேரம் என்ரை மனிசி ஜெசிந்தா கொழும்பில. தேவாலயத்தில கலியாணம் முடிஞ்சு பதினொரு நாள் ஒண்டா இருந்தம், லீவு முடிய நான் திரும்பி வந்திட்டன். அவவை இஞ்ச எடுக்கிறதுக்குப் போட்ட அந்திராக், விண்ணப்பம், ஒரு கந்தோரில இருந்து மற்றக் கந்தோருக்கு ஆமை மாதிரி நடந்துகொண்டிருந்துது. நம்பர்த் துண்டைக் கையில பிடிச்சுக்கொண்டு அந்தக் கதிரையளில இருந்த ஆக்கள்தானே நீங்களும். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஏ பட்டன்

முதல் நாள். என்ரை இரும்புச் சட்டைக்காரன் ஒரு பெரிய பள்ளக் கிடங்குக்கு முன்னால நிக்கிறான். அந்தப் பக்கம் போகோணும். திரையில வடிவா எழுதியிருக்கு: "பாய்வதற்கு ஏ பட்டனை அமத்தவும்." நான் சொல்வழி கேக்கிற பிள்ளை. கீபோட்டில ஏ எங்க இருக்கெண்டு தேடி அமத்தினன். அவன் பாயேல்லை. இடப்பக்கம் ரெண்டடி நடந்து, கிடங்குக்குள்ள விழுந்து செத்தான். திருப்பி அமத்தினன். திருப்பி விழுந்தான். அதுவும் இது கொன்சோலில இருந்து வந்த கேம் எண்டபடியால், நினைச்ச இடத்தில சேமிச்சு வைக்கேலாது. ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷத்துக்கு முந்தின இடத்தில இருந்து ஓடி வரோணும்.

பக்கத்து மேசையில தோர்ஸ்ரன். கேம் விளையாடியே வளந்த பெடியன், தலைமயிரைக் குடும்பி கட்டியிருப்பான். அவன் ஒரு செக்கனில பாய்ஞ்சு போயிட்டான். எனக்கு வெக்கமாப் போச்சு. ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் எண்டாளாம், அந்தப் பேர் எனக்கு வேண்டாம் எண்டு வாயைத் திறக்காமல் மத்தியானம் வரைக்கும் விழுந்து விழுந்து செத்தன். கடைசியில ஃபிறவ் கெஸ்லர் எனக்குப் பின்னால வந்து நிண்டு பாத்தா. முகம் மாறிச்சுது. உண்மையாவே முற்றம்தான் கோணல். அந்த ஏ, கொன்சோலின்ரை கைப்பிடியில இருக்கிற பச்சைப் பட்டன். கொம்பியூட்டருக்கு மாத்தேக்குள்ள எழுத்தை மாத்த மறந்திட்டினம். கீபோட்டில ஏ எண்டால் இடப்பக்கம் நடக்கிறது. பழகின ஆக்களின்ரை கை தானாவே சரியான கட்டைக்குப் போனபடியால் ஒருத்தரும் அதை வாசிக்கவே இல்லை. என்னைக் கட்டிப்பிடிப்பாவோ ஏசுவாவோ எண்டு தெரியாமல் நான் முழிசிக்கொண்டு நிக்க, அவ கேட்டா: "அன்ரன், எழுதினதை அப்பிடியே நம்பிச் சாகிற ஒரு ஆளைத்தான் நான் ஆறு மாதமாத் தேடினனான், இவ்வளவு நாளும் எங்க இருந்தனீங்கள்?"

பச்சைச் சாவு

இந்த நாட்டில இரத்தம் சிவப்பாத் தெரிஞ்சால் கேமைப் பெடியளுக்கு விக்கிறது கஷ்டம். அதால எங்கட கம்பனி இரத்தம் முழுக்கப் பச்சையாக்கிப் போட்டுது. எங்கையாவது ஒரு துளி சிவப்பு மிஞ்சியிருக்கோ எண்டு பாக்கிறது என்ரை பொறுப்பு. பாக்கிறதெண்டால் சாகோணும். உயரத்தில இருந்து விழுந்து, நெருப்பில, தண்ணிக்குள்ள, நண்டின்ரை கொடுக்கில, கதவுக்குள்ள நசிஞ்சு, சொந்தக் கைக்குண்டைக் காலடியில போட்டு. ஒவ்வொரு சாவுக்கும் தாளில ஒரு புள்ளடி.

உங்களுக்குச் சொல்லுறதில என்ன வெக்கம், எனக்கு அது ஆறுதலா இருந்துது. சிவப்பைக் கண்டு வளந்த இடத்தில இருந்து வந்தவன் நான். செத்தவன் பத்துச் செக்கனில எழும்பித் தூசு தட்டிக்கொண்டு நடக்கிறதைப் பாக்க மனசுக்குள்ள ஏதோ ஒண்டு லேசாகும். இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை, தோர்ஸ்ரனுக்குச் சொன்னால் பயந்திடுவான். அவன் என்ரை தாளை எட்டிப் பாத்துப்போட்டு முதுகில தட்டினான்: "அன்ரன், இண்டைக்கு முப்பத்தெட்டுத் தரமும் குறையில்லாமல் பச்சையாச் செத்திருக்கிறாய், வாழ்த்துக்கள்!"

ஓம்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில நான் படிக்கட்டுக்குப் போய், ரெலிபோன் காட் சுரண்டி, கொழும்புக்கு எடுப்பன். அங்க அப்ப பின்னேரம். ஜெசி வெள்ளவத்தையில ஒரு அறையில இருந்தவ. ரெலிபோன் கதைக்கிறதுக்கு முன்னாலுள்ள கொமினிக்கேசன் கடைக்கு வருவா. கதைக்கிறது முழுக்க அவதான். "சாப்பிட்டியளோ?" "ஓம்." "குளிருக்குத் தொப்பி போட்டனீங்களோ?" "ஓம்." "கந்தோருக்குப் போனனீங்களோ?" "ஓம்... ஓம்... ஓம்." கண்ணை மூடிக்கொண்டுதான் கதைப்பன், குரலை மட்டும் கேக்கலாம் எண்டு.

அந்த நேரம் எங்கட அறையில எல்லாரும் விசர் பிடிச்ச நிலையில. கேமில ஏழாவது கட்டம் எண்டு ஒண்டு இருந்துது. அதில விளையாடின ஒருத்தன் கீபோட்டை மேசையில அடிச்சு உடைச்சான். நான் மட்டும் படிக்கட்டால திரும்பி வந்து, சிரிச்ச முகத்தோட இருந்து, திருப்பியும் சாவன். ஒருநாள் ஃபிறவ் கெஸ்லர் அந்த ஏழாவது கட்டத்தை முழுசா என்ரை தலையில கட்டினா. ஏன் எண்டு எனக்கு விளங்கேல்லை. கோதாரி, பிறகுதான் தோர்ஸ்ரன் மெல்லமா வந்து, கையைக் கூப்பிக்கொண்டு கேட்டான்: "அன்ரன், ஒவ்வொரு நாளும் படிக்கட்டில இருந்து தியானம் செய்யிறியே, அந்த ஓமை எனக்கும் சொல்லித் தருவியோ?"

குசினிப் பாஷை

என்ரை வேலை என்னெண்டு ஜெசிக்கு முதல் விளங்கேல்லை. ஒருநாள் கேட்டா, "இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" நான் பெருமையாச் சொன்னன், "பதினேழு தரம் செத்துப்போனன்." லைன் அறுந்திட்டுதோ எண்டு பாத்தால், மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்குது. "இஞ்சேருங்கோ," எண்டு அவ சொன்னா, "எங்கட பக்கத்தில அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொல்லுறேல்லை." எனக்கு என்ரை வாயிலேயே அடிக்கோணும் போல இருந்துது. அவ இருக்கிற இடம் எது, காலம் எது எண்டு யோசிக்காமல் பேய்க்கதை கதைச்சிருக்கிறன்.

அதோட போச்செண்டில்லை. அவ திருப்பிக் கேக்கிறதுதானே கடைக்குள்ள நிக்கிற ஆக்களுக்குக் கேக்கும். "என்ன, கைக்குண்டோ? எத்தினை எறிஞ்சனீங்கள்?" எண்டு ஒரு யாழ்ப்பாணப் பிள்ளை அந்தச் சண்டை நேரத்துக் கொழும்பில நாலு பேர் கேக்கச் சொன்னால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். நான் சொன்னன், "இனி வேலையைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம்." அவ விடேல்லை. "பதினொரு நாள்தானே உங்களைப் பாத்தனான். மிச்சத்தையும் தெரியாமல் இருக்கச் சொல்லுறியளோ?" எண்டு கேட்டுப்போட்டு, ரெண்டு நாள் யோசிச்சு ஒரு பாஷை கண்டுபிடிச்சா. கேமுக்குப் பேர் குசினி, சமையலறை. கைக்குண்டு உருளைக்கிழங்கு. சுடுற துவக்கு அகப்பை. வெடி வைக்கிறது அடுப்பு மூட்டுறது. பிராணியள் நண்டு, அது சுகம். பச்சை இரத்தம் கீரை. செத்தால், கோப்பை உடைஞ்சது. மொத்தம் ஏழு. "இதை ஒருத்தருக்கும் சொல்லப்படாது, மாதாவாணை," எண்டு நான் கேக்க, ரெண்டு பேரும் சத்தியம் பண்ணினம்.

பிறகென்ன, ஒரே சமையல்தான். "இண்டைக்குக் குசினிக்குள்ள இருபது நண்டு ஜெசி. அகப்பையும் இறுகிப் போச்சு. நாலு உருளைக்கிழங்கு எறிஞ்சு பாத்தன், சுவரெல்லாம் கீரை." "கடவுளே! கோப்பை எத்தினை உடைச்சனீங்கள்?" "பத்தொன்பது." "நேற்றுப் பதினாலுதானே! கவனமா இருங்கோவன்." ஏழாவது கட்டத்தை நான் முடிச்ச நாள் அவ கடைக்குள்ள கை தட்டினவவாம். இதெல்லாத்தையும் மாதக் கணக்காக் கேட்டுக்கொண்டிருந்த கொமினிக்கேசன் கடை ஐயா ஒருநாள் பொறுக்கேலாமல் ஜெசியைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "பிள்ளை, உம்மட மனுசனை அந்த ஹோட்டல் வேலையை விடச் சொல்லும், உப்பிடிக் கோப்பை உடைச்சால் ஒரு முதலாளியும் வைச்சிருக்கமாட்டான்."

அறிக்கையில ஒரு கிழங்கு

நாக்குக்கு ஒரு பாஷை பழகினால் பேந்து அது சொல்வழி கேக்காது. ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தில நான் பிழை அறிக்கை எழுதினன்: "மூன்றாவது கட்டம், தெற்கு வாசல்: உருளைக்கிழங்கை எறிந்தால் அது நிலத்துக்குள்ளால் போய் மறைகிறது. வெடிப்பதில்லை." சுத்தமான ஜேர்மன், ஒரு எழுத்துப் பிழை இல்லை. அது புறோகிறாம் எழுதுற ஆக்களிட்டைப் போய், அவை திங்கட்கிழமை முழுக்கத் தெற்கு வாசலில கிழங்கு தேடியிருக்கினம்.

ஃபிறவ் கெஸ்லர் என்னைக் கூப்பிட்டா. நான் சத்தியம் பண்ணியிருக்கிறன், காரணம் சொல்லேலாது. "சொல் மாறிப்போச்சு" எண்டு மட்டும் சொல்லித் தலையைக் குனிஞ்சன். அவ கோவப்படேல்லை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு சொன்னா: "அன்ரன், உங்களுக்கு ஒரு கிழமை லீவு தேவைப்படுது, ஆனால் அதுக்கு முதல் அந்தக் கிழங்கு ஏன் வெடிக்கேல்லை எண்டதைக் கண்டுபிடியுங்கோ."

முதல் நேர்முகம்

அந்த வருஷங்களிலதான் புதுச் சட்டம் வந்துது, மனிசிமார் ஜேர்மன் படிச்சுச் சோதினை பாஸ் பண்ணினால்தான் விசா எண்டு. ஜெசி கெட்டிக்காரி, முதல் தரமே பாஸ். அதுக்குப் பிறகு விசாவுக்கான நேர்முகம். கொழும்பில ஜேர்மன் எம்பசியில, கண்ணாடித் தடுப்புக்கு முன்னால அவ தனிய. பேர், ஊர், கலியாணத் திகதி, எல்லாத்துக்கும் டாண் டாண் எண்டு ஜேர்மனிலேயே மறுமொழி. பிறகு கேட்டினமாம், "உங்கட கணவர் வேலையில என்ன செய்யிறவர்?"

அதிலதான் அடி சறுக்கினது. கேம் பரிசோதகர் எண்ட ஜேர்மன் சொல் அவவுக்கு வரேல்லை. அவவுக்குத் தெரிஞ்ச அந்த வேலையின்ரை உண்மையான பேரெல்லாம் குண்டும் துவக்கும். வாசலில துவக்கோட காவலாளி நிக்கிறான். என்ன செய்வா பாவம்? வாயில வந்த சொல்லை, இலக்கணம் பிசகாமல் சொல்லியிருக்கிறா. பின்னேரம் எனக்கு எடுத்து அழுதழுது ஒப்பிச்சா, நான் படிக்கட்டில நிண்டு கேட்டுக்கொண்டிருக்க அவ சொன்னா: "இஞ்சேருங்கோ, 'என்ரை மனுசன் உருளைக்கிழங்கு எறியிறவர், ஒரு நாளைக்கு முப்பது எறிவார்' எண்டு சொல்லிப்போட்டன்."

சீலையின்ரை நிறம்

கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்டுது. என்ரை கடிதங்களில கொம்பியூட்டர்க் கம்பனி எண்டு இருக்கு, மனிசி சொன்னது கிழங்கு. பதினொரு நாள் சேந்திருந்த சோடி, புருஷன்ரை தொழில் மனிசிக்குத் தெரியாது. இது கலியாணமோ, விசாவுக்குக் கட்டின கலியாணமோ? அதைப் பாக்கிறதுக்கு ஒரு ரெர்மின், சந்திப்பு நேரம், வந்துது. ஒரே நாள், ஒரே நேரம், நான் இஞ்ச வெளிநாட்டார் கந்தோரில, அவ அங்க. ரெண்டு பேரிட்டையும் ஒரே கேள்வியள். மறுமொழி ஒத்துவராட்டி விசா இல்லை. அதுக்குப் பிறகு எத்தினை வருஷமோ, ஆருக்குத் தெரியும். அதுக்கு முதல்நாள் இரவு முழங்காலில நிண்டு செபம் சொன்னன், சொல்லேக்குள்ளயே பிழை பிழையா வந்துது. காலமை வேலைக்குப் போய் லீவு கேக்க, தோர்ஸ்ரன் எழும்பி வந்து கட்டிப்பிடிச்சு, "போக முன்னம் ஒருக்கா ஓம் சொல்லு" எண்டான். அண்டைக்கு நான் அவனுக்காக உண்மையாவே சொன்னன்.

கந்தோர் அம்மாவுக்கு ஐம்பது வயசிருக்கும். முகத்தில சிரிப்பும் இல்லை, கடுப்பும் இல்லை. "கலியாணத்தண்டு உங்கட மனிசி கட்டின சீலை என்ன நிறம்?" "வெள்ளை," எண்டன். சொன்ன பிறகு யோசிச்சன், வெள்ளையோ, சந்தனமோ? அவ ஏதோ எழுதினா. "நீங்கள் அவவுக்கு முதன்முதல் வாங்கிக் குடுத்த பொருள்?" "மணிக்கூடு." அதுவும் பிழை, மணிக்கூடு என்ரை அக்கா குடுத்தது, நான் வாங்கினது செருப்பு, மூண்டாம் நாள் அவவின்ரை வார் அறுந்தபடியால். வாயால விட்டிட்டன், திருப்பி எடுக்கேலாது. "மனிசி உங்களை என்னெண்டு கூப்பிடுறவ?" "இஞ்சேருங்கோ." "அது உங்கட பேரோ?" "இல்லை." "அப்ப என்ன?" "இஞ்ச பாருங்கோ எண்ட மாதிரி." "உங்கட பேரைச் சொல்லிக் கூப்பிடுறேல்லையோ?" "இல்லை, ஒருநாளும் இல்லை." என்ரை மாதாவே, அந்த அம்மாவின்ரை பேனை இறங்கின விதத்தைப் பாத்திருக்கோணும். கேமில எண்டால் பத்து நிமிஷத்துக்கு முந்தின இடத்துக்காவது போகலாம்.

பிறகு கடைசித் தாளைத் திருப்பினா. "உங்கட மனிசி சொன்ன இந்த உருளைக்கிழங்கு என்ன?" சத்தியம் ஒரு பக்கம். மற்றப் பக்கம், ஒரு இலங்கைத் தமிழன் ஜேர்மன் அரசாங்கக் கந்தோரில இருந்து அதுக்கு விளக்கம் சொல்லுறதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. ஆனால் நான் இப்ப வாயை மூடினால் ஜெசி பொய்க்காரி எண்டு முத்திரை குத்துப்படும். அவ பொய் சொல்லேல்லை, அவ ஒருநாளும் பொய் சொல்லமாட்டா. அந்த நினைப்பு வந்ததோட பயம் போயிட்டுது. குசினியில தொடங்கி எல்லாத்தையும் கொட்டினன். எழுதிக்கொண்டிருந்த அம்மாவின்ரை பேனை தாளில அப்பிடியே நிண்டுது. "ஒருக்கா நிப்பாட்டுங்கோ," எண்டு அவ சொன்னா, "நீங்கள் இப்ப கைக்குண்டு எண்டோ சொன்னனீங்கள்?"

எட்டாவது சொல்

அவ எழும்பிப் போய்த் தண்ணி கொண்டுவந்து வைச்சா, எனக்குத்தான். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, அந்த ஏழு சொல்லையும் அதின்ரை அர்த்தத்தையும் எழுதச் சொன்னா. நான் எழுதினன். சொற்களை மட்டும் பிரதி பண்ணி, அர்த்தத்தை மறைச்சு, கொழும்புக்கு ஃபாக்ஸ் போட்டா. அங்க ஜெசி கண்ணாடித் தடுப்புக்கு முன்னால இன்னும் இருக்கிறா. அவவிட்டை இந்தச் சொல்லுக்கெல்லாம் என்ன அர்த்தம் எண்டு கேப்பினம். என்னை வெளியில இருக்கச் சொன்னா.

வெளியில இருந்து நான் பட்ட பாட்டை எதிரிக்கும் நினைக்கமாட்டன். ஜெசிக்கு உண்மையைச் சொல்லத் தெரியும். ஆனால் சொல்லுவாவோ? வாசலில காவலாளி நிக்கிற இடத்தில, முன்பின் தெரியாத ஆக்களுக்கு, உருளைக்கிழங்கு எண்டால் குண்டு எண்டு வாய்விட்டுச் சொல்லுவாவோ? ஒருத்தருக்கும் சொல்லப்படாதெண்டு மாதாவாணை சத்தியம் வாங்கினதே நான்தானே. என்ரை பேரைக் காப்பாத்தவெண்டு அவ "கிழங்கெண்டால் கிழங்குதான்" எண்டு நிண்டாவெண்டால் எல்லாம் முடிஞ்சுது. ஜெசி, சொல்லு, சொல்லிப்போடு பிள்ளை, எண்டு வாய்க்குள்ள சொல்லிக்கொண்டு, பக்கத்தில இருந்த மனுசி விலகி இருக்கிற அளவுக்கு ஆடிக்கொண்டிருந்தன். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு கதவு திறந்துது.

அம்மா ரெண்டு தாளையும் மேசையில பக்கத்துப் பக்கத்தில வைச்சா. விரலால ஒவ்வொண்டாக் காட்டினா. குசினி, சரி. உருளைக்கிழங்கு, சரி. அகப்பை, அடுப்பு, நண்டு, சரி. கீரைக்கு வந்ததும் அவவின்ரை வாய் கொஞ்சம் கோணிச்சுது, சிரிப்பை அடக்கிறா. கோப்பை, சரி. "முப்பத்தெட்டுக் கோப்பை ஒரே நாளில உடைச்ச திகதியையும் உங்கட மனிசி சொல்லியிருக்கிறா," எண்டா. நான் கதிரையில அப்பிடியே சரிஞ்சிட்டன். அவ விடேல்லை. "ஆனால் ஒரு பிரச்சினை, நீங்கள் எழுதினது ஏழு. அங்க கேட்டிருக்கினம், வேற சொல் இருக்கோ எண்டு. உங்கட மனிசி எட்டுச் சொல்லியிருக்கிறா." எனக்குத் திக்கெண்டுது. எட்டோ? எட்டாவது இல்லையே! "உப்புக் காணாது," எண்டு அவ தாளைப் பாத்து வாசிச்சா, ஜேர்மனில. "இதுக்கு என்ன அர்த்தம்?"

ஒவ்வொரு நாளும் ரெலிபோனை வைக்க முன்னம் ஜெசி சொல்லுறதுதான் அது: "இண்டைக்குக் கறிக்கு உப்புக் காணாது." நானும் ஒவ்வொரு நாளும் புத்தி சொல்லுவன், "அப்ப கொஞ்சம் போடன்," எண்டு. ஒருநாள் எந்தக் கடையில நல்ல உப்பு வாங்கலாம் எண்டுகூட விளக்கினன். "அது சமையல்," எண்டன் அம்மாவிட்டை, "உண்மையான சமையல்." அவ தலையை ஆட்டிப்போட்டு மற்றத் தாளை என்ரை பக்கம் திருப்பினா. மொழிபெயர்த்து எழுதியிருந்துது: 'நீங்கள் இல்லாமல் இருக்க ஏலாமல் இருக்கு. கடையில ஆக்கள் நிக்கிறபடியால் இதை வேற மாதிரிச் சொல்லேலாது. அவருக்கு இது இன்னும் விளங்கேல்லை.' நான் அந்தத் தாளில முகத்தை வைச்சு அழுதன், ஒரு அரசாங்கக் கந்தோர் எண்டும் பாக்காமல், குழந்தை மாதிரி. அம்மா ஜன்னலைப் பாத்துக்கொண்டிருந்தா. பிறகு ரெண்டு தாளையும் என்ரை கோப்புக்குள்ள வைச்சு மூடிப்போட்டு, எழும்பிக் கை தந்து சொன்னா: "ஹெர் அன்ரன், முடிவு கடிதத்தில வரும், இப்ப நான் ஒண்டும் சொல்லேலாது, ஆனால் நீங்கள் வீட்டை போற வழியில உப்பு வாங்கி வையுங்கோ."

பிழை பிடிக்கிறதையே தொழிலா வைச்சிருந்த எனக்கு, ஒரு வருஷத்துக்கு மேல என்ரை சொந்தக் காதுக்குள்ள கிடந்த பெரிய பிழையைப் பிடிக்க ரெண்டு நாட்டுக் கந்தோரும் ஒரு ஃபாக்ஸ் மெசினும் தேவைப்பட்டுது எண்டால், என்ரை உத்தியோக லட்சணத்தை நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ.